பாத்ரூம்ல நெல்லாயி

இல்லம்மா, ஒடஞ்சி போயி கழட்டலை. நல்லா இருந்த ஷவரைத்தான் கழட்டிட்டோம். பாத்தியா, சொவத்துல குழாய் வாயை மூடி போட்டு அடைச்சிருக்கு. அதுக்குப் பதிலா பக்கெட்டு, மக்கு, எல்லாம் புதுசு. கீழ என் பாத்ரூம்லயும் இதே கதைதான். நீ உள்ள வந்த ஒடனே ஷவர் எங்க ஆன்ட்டின்னு கேட்ட பாரு, அப்பவே தெரிஞ்சி போச்சி நீ ஊருக்குப் புதுசுன்னு. இந்த வேங்கிக்கால்ல எங்க தெரு ஆளுங்க யாரும் என்கிட்ட ஷவர்ங்கற வார்த்தையையே எடுக்க மாட்டாங்க.

உக்காரும்மா. அந்த நாற்காலி வேணாம், அதுல இப்ப இங்க குடியிருக்கறவரு சீசாவெல்லாம் அடுக்கி வச்சிருக்காரு. கட்டில்லயே உக்காரு. கலெக்டர் ஆபீஸ்ல வேலைன்ன இல்ல, இங்கேர்ந்து நடந்தே போயிடலாம், ஆட்டோகூட வேணாம். இந்த மோரைக் குடி. பயப்படாதே, கொதிக்க வச்சி ஆற வச்ச தண்ணிதான் ஊத்தியிருக்கேன். குடிக்கறதுல அது வராதாம், மூச்சுலதான் வருமாம். ஆனாலும் கொதிக்க வச்சி பழகிப் போச்சி.

எது வராதாவா? அதைத்தானே சொல்ல வரேன்.

இந்த மாடியில இருக்கறவரு பேரு அறிவுச்செல்வன். அவங்கப்பா மேடைப் பேச்செல்லாம் கேட்டுட்டு வந்து ஆசையா வச்ச பேரு. வச்சிட்டாங்களே, அதைக் காப்பாத்தணுமேனு இவருக்குத் தெனமும் பேஜாரு. ஒரகடத்துக்கிட்ட ஒரு மருந்துக் கம்பெனியில லேப்ல இருந்தாரு. மாத்திரை, ஊசி மருந்து பண்றதுக்குத் தண்ணி வேணுமில்ல, அந்தத் தண்ணியில கிருமி இருக்கானு பாக்கற வேலை. வாலிபத்துலேர்ந்து ரிட்டையர் ஆவற வரைக்கும் அதே வேலை. அப்பால, கிரிவலம் போயிகினு நிம்மதியா இருக்கலாம்னு நம்ம ஊருக்கு வந்தாரு. அவருக்கு நிம்மதி கெடச்சிச்சோ இல்லையோ, எனக்குப் போச்சி.

குடும்பமா? கல்யாணமே ஆகலைம்மா. ஆகலைன்னா, ஆவ விடலை. வயசுல ஒரு எடத்துக்குப் பொண்ணு பாக்கப் போனாராம். கண்ணாடி டம்ளர்ல தண்ணி குடுத்திருக்காங்க. நாமளா இருந்தா வாங்கிக் குடிப்போம். இவரு டம்ளரைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேரா புடிச்சிப் பாத்துட்டு, இது கெணறா, போரான்னாராம். பொண்ணோட அப்பா, போருங்கன்னாராம். கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணீங்கன்னாராம். அதோட சரி. பொண்ணு ரூமை வுட்டு வெளியவே வரலையாம். அப்புறம் போன எடத்துலயெல்லாம் தரகர் முன்னாடியே சொல்லி வச்சிட்டாராம், மாப்பிள்ளைக்குக் காபி குடுங்க, தண்ணி மட்டும் குடுத்துடாதீங்கனு. இதை அவரே என்கிட்ட சொன்னாரு. சிரிக்காம சொன்னாரும்மா. அந்தத் தண்ணியில இரும்பு ஜாஸ்தி, நான் கேட்டதுல என்ன தப்புனு என்னையே கேட்டாரு.

இங்க வூடு பாக்க வந்தப்பவும் அதேதான். உன்னை மாதிரி வெளிச்சம் வருமா, காத்து வருமானு கேக்கலை. வாடகை எவ்ளோனு கேக்கலை. டாங்க்கு எப்ப கழுவினீங்கன்னாரு. நான் கவுரவத்துக்கு, அடிக்கடி கழுவுவோம் சார்னு சொல்லி வச்சேன். மேல ஏறி மூடியத் தொறந்து பாத்துட்டு எறங்கி வந்து, அடிக்கடின்னா எந்த முதலமைச்சர் காலத்துலன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம். மாடி தர்றதில்லைனு சொல்லிடலாம்னுதான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள சட்டையக் கழட்டி மடிச்சி வச்சிட்டு, பிரஷ்ஷு எங்க இருக்குன்னாரு. மதியம் வரைக்கும் டாங்க்குக்குள்ள எறங்கித் தேய்ச்சாரு. வாடகைக்கு வந்த ஆளு மொத நாளே டாங்க்கு கழுவறான்னா எப்பிடிம்மா வெளிய அனுப்பறது? சாம்பார் சாதம் குடுத்து இருக்கச் சொல்லிட்டேன்.

ஷவரு என் புள்ள பிரசாத் வாங்கி மாட்டினது. பெங்களூர்ல இருக்கான். எங்கூட்டுக்காரரு கீழ்பென்னாத்தூர்ல மல்லாட்டை, அதாம்மா வேர்க்கடலை, மண்டி வச்சிருந்தாரு, நல்ல மனுஷன், நெஞ்சு வலியில போயிட்டாரு. அதுக்கப்புறம் எனக்கு முட்டி வலி புடிச்சிகிச்சி. ஒரு தடவை கார்த்திகை தீபத்துக்கு வந்தப்ப, அம்மா நீ சுடுதண்ணியில நின்னாப் போதும், வலி பறந்துடும்னு சொல்லி மொட்டை மாடியில சோலார் ஹீட்டரும், பாத்ரூம்ல மழை ஷவர்னு ஒண்ணும் மாட்டிட்டான். இட்லித் தட்டு கணக்கா இருக்கும்மா அது, அத்தினி ஓட்டை. நான் எப்பவும் பக்கெட்டு ஆளு. அவன் வந்தாத்தான் அதைத் தொறக்கறது, அப்பால மாசக்கணக்கா மூடியே கெடக்கும். அதுதான் ஆவாதாம்.

சார் அதைப் பாத்துட்டு என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சி சொன்னாரு. வெதுவெதுப்பா, அசையாம தண்ணி நின்னுச்சின்னா அதுல ஒரு கிருமி வளருமாம். குழாய் உள்ளாற வழவழனு பாசி மாதிரி இருக்குமே, அதுல குடும்பம் நடத்துமாம். திடீர்னு ஒரு நாள் ஷவரைத் தொறந்தா, பொடிப்பொடியா சாரல் பறக்குதில்ல, அதுல ஏறிகினு மூச்சு வழியா நெஞ்சுக்குள்ள போயிடுமாம். நிமோனியா வந்துடுமாம். வயசானவங்களுக்குன்னா ரொம்ப ஆபத்தாம். வயசானவங்கன்னு சொன்னப்ப என்னைப் பாத்தாரு. அதுக்கு ஒரு வாரம் நான் பேசலை.

அந்தக் கிருமி பேரு லெஜியோனெல்லா. இப்ப கரெக்டா சொல்றேன் பாரு, அப்ப முன்பாதி என் வாயில வரவே வராது. பின்பாதிய மட்டும் புடிச்சிகினு நான் நெல்லாயினு கூப்பிட ஆரம்பிச்சேன். அவரும் மொதல்ல திருத்திப் பாத்தாரு. அப்பால அவரே, என்னங்க, நெல்லாயிக்கு நாளைக்கு சாம்பிள் எடுத்துடலாமான்னாரு. எல்லா வம்பும் அந்தப் பேராலதான் வந்துச்சி.

சாம்பிள் எடுக்கறதுன்னா சும்மா இல்லம்மா. முந்தின நாள் சாயங்காலத்துலேர்ந்து குழாயை யாரும் தொறக்கக் கூடாது. குழாய்க்குள்ள தூங்கற தண்ணிய தூங்கறாப்பலயே புடிக்கணுமாம், முழிச்சிகினா கணக்கு தப்பிடுமாம். விடிஞ்சதும் வராரு பாரு, தலையில பிளாஸ்டிக் குல்லா, மூஞ்சில மாஸ்க்கு, அது மேல நீச்சலடிக்கற கண்ணாடி, மழைக் கோட்டு, கையில உறை. பக்கத்து வூட்டு ராஜம்மாள் கோலம் போட்டுகினு இருந்தா. அந்தக் கோலத்துல ஒரு ஆம்பள விடியக்காலத்துல என் பாத்ரூமுக்குள்ள போறாருன்னா சும்மா இருப்பாளா? காம்பவுண்டு மேல எக்கி, இன்னாக்கா இதுன்னா. நான் வெகுளியா, ஒண்ணுமில்லடி, உள்ளாற நெல்லாயி இருக்காளானு சாரு பாக்கறாருன்னேன். அந்த நேரம் பாத்து உள்ளேர்ந்து இவரு கத்தறாரு. கதவைத் தொறக்காதீங்க! இருந்தா பத்து நாள்ல வெளிய தெரிஞ்சிடும்! மெதுவாத்தான் வளரும்!

ராஜம்மாள் கோலப்பொடி டப்பாவை அப்பிடியே போட்டுட்டு உள்ள ஓடினா. நான் என்னத்தக் கண்டேன், பால் பொங்குதோ என்னமோனு நெனச்சேன்.

பாட்டிலுங்களுக்கு வெள்ளைத் துணி சுத்தி பிரிட்ஜ்ல, தோசை மாவுக்குப் பக்கத்துல வச்சிட்டுப் போனாரு. சாயங்காலம் மெட்ராஸ் போற ஆளு கையில லேபுக்குக் குடுத்தனுப்பறதா இருந்துச்சி. மதியம் ராஜம்மாள் கறிவேப்பிலை கேட்டுகினு வந்தா. அவ வூட்டுல கறிவேப்பிலை மரமே இருக்கு, அதுகூட எனக்கு அப்ப தோணலை. பாத்ரூமை எட்டிப் பாக்கறா, கட்டிலுக்கு அடியில குனிஞ்சி பாக்கறா. நான் மிக்சி போட்டுகினு இருந்த நேரத்துல பிரிட்ஜைத் தொறந்திருக்கா. வெள்ளைத் துணி சுத்தின பாட்டிலைப் பாத்ததும் காசியிலேர்ந்து வந்த தீர்த்தம்னு நெனச்சிட்டா. கண்ணுல ஒத்திகினு, தலையில தெளிச்சிகினு, ரெண்டு முழுங்கு குடிச்சிட்டும் போயிட்டா. போறப்ப என்கிட்ட, நல்ல தண்ணிக்கா, கங்கை கங்கைதான்னா.

சார் வந்து பாத்துட்டு தலையில கை வச்சிகினாரு. திட்டலை. நேரா காம்பவுண்டுகிட்டப் போயி, ராஜம்மா, குடிச்சதுல பயமில்ல, தலையில தெளிச்சிகினப்ப மூச்சு இழுத்தீங்களான்னாரு. அவ, மூச்சு இழுக்காம எப்பிடிய்யா உசுரோட இருப்பேன்னா. அதுலேர்ந்து தெனமும் காலையில சுவத்துமேல தலையை நீட்டி, ராஜம்மா இருமல் இருக்கா, ராஜம்மா சளி இருக்கானு கேப்பாரு. அவ புருஷன் ஒரு நாள் தொடப்பத்தோட வந்துட்டாரு. ராஜம்மாளுக்கு ஒண்ணும் ஆகலை. அவ உடம்புக்குள்ள போற கிருமிதான் பாவம்.

மறுபடியும் சாம்பிள் எடுத்தோம். இந்தத் தடவை யாரையும் நம்ப மாட்டேன், நானே கொண்டு போறேன்னுட்டாரு. மாடித் தண்ணி ஒரு ஐஸ் டப்பா, கீழ் வூட்டுத் தண்ணி ஒரு ஐஸ் டப்பா. ரெண்டையும் ஆட்டாம அசைக்காம கொண்டு போகணும். ஒரு ஆளுக்கு ஒரு மடிதானே இருக்கு? அதனால நானும் போனேன். ஏம்மா சிரிக்கற? டப்பா புடிக்கத்தான் போனேன்.

பஸ்ல கண்டக்டரு, இன்னாம்மா டப்பாவுலன்னாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பின்சீட்டுல ஒருத்தரு, ஆஸ்பத்திரி டப்பாங்க அது, டிவியில காட்டுவான், இதயமா இருக்கும்னாரு. அவ்ளோதான். பஸ்ஸே அடங்கிப் போச்சி. பாட்டை நிறுத்திட்டாங்க. டிரைவரு செஞ்சியில டீக்குக்கூட நிறுத்தலை, பறக்கறாரு. ஒரு பொம்பள எழுந்து வந்து என் மடியில இருந்த டப்பாவைத் தொட்டு, எந்தத் தாயி பெத்ததோனு அழுவறா. சார் வாயத் தொறக்கப் பாத்தாரு, நான் கம்முனு இருங்கனு அவரு கையப் புடிச்சி அமுக்கினேன். ஆனா அவராலதான் பொய்யைத் தாங்க முடியாதே. திண்டிவனம் தாண்டினதும் எழுந்து நின்னு, பயணிகள் மன்னிக்கணும், இது எங்க பாத்ரூம் தண்ணின்னாரு. அப்பால, சீட்டு வயசானவங்களுக்குனு சொல்லி எங்களை எழுப்பி வுட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு டப்பாவை மார்ல அணைச்சிகினு செங்கல்பட்டு வரைக்கும் நின்னுகினே போனோம். அந்த மனுஷன் மேல கோவம் வரணுமே? சிரிப்புதான் வந்துச்சி. எங்கூட்டுக்காரரு போனதுலேர்ந்து நான் அப்பிடி சிரிச்சதில்ல. டப்பா ஆடுது, ஆடுதுன்னு அவரு வேற பயப்படறாரு.

லேப்ல டப்பாவைக் குடுத்துட்டு இங்க திரும்பி வந்து பாத்தா பிரசாத் காரு வாசல்ல நிக்குது. கூட மருமவ பூஜா. ராஜம்மாள் போன் போட்டிருக்கா. என்னான்னு? தம்பி, உங்க மாடியில குடி வந்த ஆளு நெல்லாயினு ஒருத்திய உங்கம்மா பாத்ரூம்ல ஒளிச்சி வச்சிருக்கான், அவளுக்கு இன்னும் பத்து நாள்ல கொழந்தை பொறக்கப் போவுதுனு.

என் புள்ள கோவக்காரன். நேரா போயி பாத்ரூம் கதவை ஓங்கித் தட்டறான். சாரு போய் நிக்கறாரு பக்கத்துல. எங்கய்யா அந்தப் பொண்ணுங்கறான். இவரு, அவளை நீங்க கண்ணால பாக்க முடியாது தம்பி, லென்ஸ் வேணும்ங்கறாரு. எத்தினி நாளா இங்க இருக்கானு கேக்கறான். இவரு மேல பாத்து கணக்குப் போட்டுட்டு, நீங்க தீபத்துக்கு வந்துட்டுப் போனதுலேர்ந்தே இருக்கலாம், உண்மையச் சொன்னா நீங்கதான் கொண்டாந்து வச்சீங்கங்கறாரு. பூஜா அப்பிடியே திரும்பி இவனைப் பாத்தா. என்னங்க, யாருங்க அந்த நெல்லாயின்னா. பிரசாத்துக்கு மூஞ்சில வேர்த்துப் போச்சிம்மா. எனக்குத் தெரியாதுடி, சத்தியமா தெரியாதுடினு அண்ணாமலையார் கோபுரம் இருக்கற பக்கம் கையத் தூக்கறான். நான் சிரிச்சி சிரிச்சி கீழயே உக்காந்துட்டேன்.

வெவரம் தெரிஞ்சதும் பூஜா வயித்தைப் புடிச்சிகினு சிரிச்சா. அவன் சிரிக்கலை. அவன் காதுல வுழுந்ததெல்லாம் ஒண்ணுதான், நீ வாங்கிக் குடுத்த ஷவர் உங்கம்மாவுக்கு ஆவாது. ஆசையா வாங்கினவன் இல்ல? அதுல ஒண்ணும் இல்லம்மா, பைத்தியக்காரன் சொல்றான்னு சொல்லிட்டு சோறு கூட சரியா துன்னலை. எனக்குத் தாங்கலை. மறுநாள் சாரு கிரிவலம் போயிருந்த நேரம். யாரும் தொறக்கக் கூடாதுனு ஷவர்ல அவரு ஒட்டி வச்சிருந்த டேப்பைக் கிழிச்சிப் போட்டுட்டு, சுடுதண்ணியில நல்லா நின்னு குளிச்சிட்டு வந்து, பிரசாத்து, முட்டி வலியே போச்சிடான்னேன். எம்புள்ள மொகம் பூரிச்சிப் போச்சி. ரெண்டு தோசை ஜாஸ்தி துன்னுட்டு ஊருக்குக் கெளம்பினான்.

ஆமா. வந்துச்சி. அந்த வாரத்துலயே வந்துச்சி. ஜொரம்னா ஜொரம், இருமல், மூச்சு வாங்குது. சாரு ஆட்டோ புடிச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாரு. எனக்கு ஒண்ணும் நெனவில்ல. ஜொர வேகத்துல கண்டபடி பேசினேனாம், டாக்டருகிட்ட மல்லாட்டை மூட்டை இன்னிக்கு என்ன வெலைக்குப் போச்சினு கேட்டேனாம். சாரு அங்க நின்னுகினு ஒரே பிரசங்கம். இதுக்கு சாதாரண நிமோனியா மருந்து கேக்காது, வேற மருந்து குடுக்கணும், மூத்திரத்துலயே டெஸ்ட் இருக்கு, நான் லேப்ல இருந்தவன் அப்பிடினு. அந்த டாக்டரு சின்னப் பொண்ணு, பொறுமையா கேட்டுட்டு, டெஸ்ட் நேத்தே அனுப்பிட்டோம் சார், அந்த மருந்துதான் நேத்துலேர்ந்து போயிகினு இருக்குன்னாளாம். இவருக்கு மொகம் சுருங்கிப் போச்சாம். நர்ஸுங்க சொல்லிச் சிரிப்பாங்க.

மெட்ராஸ் லேப் ரிசல்ட் நான் ஆஸ்பத்திரில இருந்தப்பதான் வந்துச்சி. மாடித் தண்ணியில ஒண்ணும் இல்ல. என் ஷவர்ல இருந்துச்சி. நான் அப்பதான் கண்ணு தொறந்து பேசற நெலமைக்கு வந்திருந்தேன். அவரு போனைப் பாத்துகினே உக்காந்திருக்காரு. நான் சொன்னது சரிதாங்கனு சொல்ல வந்தாரும்மா. பேரைக் காப்பாத்திட்டாரில்ல? சொல்ல வாய் வரலை. பொய்யா இருந்திருக்கலாங்க, நான் முட்டாளாவே இருந்திருக்கலாங்கன்னு சொல்லி, அந்தப் பெரிய மனுஷன், கைக்குட்டையால மூஞ்சை மூடிகினாரு. நான் வேற பக்கம் திரும்பிகினேன். எனக்கும் கண்ணுல தண்ணி. இதையும் டெஸ்டுக்கு எடுத்துடப் போறாருனு பயம்.

பிரசாத் ஓடி வந்தான். நான் வூடு திரும்பறதுக்குள்ள அவனே அந்த ஷவரையும், மாடியில இருந்ததையும் கழட்டி, காயலாங்கடையில போட்டுட்டான். நானாத்தாண்டா டேப்பைக் கிழிச்சேன், உன் தப்பு என்னடானு எத்தினியோ சொல்லிப் பாத்தேன். சாரு வந்தா எழுந்து அந்தாண்ட போயிடறான். கோவமில்லம்மா, அவரு மூஞ்சிய அவனால பாக்க முடியலை. அவரும் லேசுப்பட்டவரில்லையே, ஆறுதல் சொல்றேன்னு போயி, தம்பி, கிருமிக்கு யாரு வாங்கினதுன்னு தெரியாதுன்னாரு. சரியாத்தான் சொன்னாரு. ஆனா சொல்லாம இருந்திருக்கலாம்.

இப்ப இந்த வூட்டுத் தண்ணி தங்கம்மா. டாங்க்குல குளோரின் அளவு பாத்து போடறாரு. சோலார் தண்ணி நல்லா கொதிக்கற மாதிரி வந்தாத்தான் புடிக்கணும், அப்பால பச்சைத் தண்ணி கலந்து குளிக்கணும். குழாயெல்லாம் வாரா வாரம் தொறந்து வுடணும். தெனமும் காலையில தர்மாமீட்டரோட கீழ வந்து என் பக்கெட்டுல வுட்டுப் பாப்பாரு. அப்பால பழக்கதோஷத்துல என் காபியிலயும் வுட்டுப் பாப்பாரு. ஏன் இவ்ளோ ஆறிப் போச்சி, சூடு பண்ணிக் குடிங்கம்பாரு. இவரு... சாரு அப்பிடித்தான்.

எப்ப காலி பண்றாரா? வெள்ளிக்கெழம. சனிக்கெழமையே நீ பால் காய்ச்சிக்கலாம்.

வெளியூரெல்லாம் போகலைம்மா. பக்கத்துலதான்.

கீழ.

ஏன் மோரைக் கீழ வச்சிட்ட, குடி. ஆமாம்மா, கீழதான், என் வூட்டுக்குத்தான். அவரு கேட்டதும் எப்பிடினு கேளு. தர்மாமீட்டரைத் தொடச்சிகினே, என் பேரைச் சொல்லி, உண்ணாமலை, உங்க தண்ணிய தெனமும் பாத்தே ஆவணும், அதுக்கு இந்த மாடிப்படி ஏறி எறங்கறது எனக்கு முட்டிக்கு ஆவலை, என்ன பண்ணலாம்னு கேட்டாரு. நான் மொதல்ல தைலம் தரவானு கேட்டுட்டேன். அப்பால அவரு காது செவந்ததைப் பாத்துதான் புரிஞ்சிச்சி. இந்த வயசுலயானு நீயும் நெனப்ப. நானும் நெனச்சேன். ஆனா, காபி ஆறிப் போச்சேனு கவலைப்பட ஒரு ஆளு இருக்கறது சின்ன விஷயமில்லம்மா.

ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாண நோட்டீசு ஒட்டி ஒரு மாசம் முடிஞ்சிச்சி. வெள்ளிக்கெழம காலையில வரச் சொல்லியிருக்காங்க. மூணு சாட்சி வேணுமாம். ராஜம்மாள், நெல்லாயி பேர்ல நான் கட்டின கதைக்குப் பரிகாரமா மொத கையெழுத்து என்னோடதுதான் அக்கானு சொல்லிட்டா, புதுப் பொடவை கூட எடுத்துட்டா. பூஜா பெங்களூர்லேர்ந்து வர்றா. மூணாவது பிரசாத்து போடுவான்னு நெனச்சிகினு இருந்தேன். நேத்து போன் பண்ணா, உன் இஷ்டம்மா, எனக்கு ஆபீஸ் இருக்குனு வச்சிட்டான். மூஞ்சிய எங்க வச்சிக்கறதுனு தெரியாமதான் அப்பிடிப் பேசறான், எனக்குத் தெரியாதா என் புள்ளைய? தெருவுல வேற யாரைக் கேட்டாலும், ஊருக்குப் போறோம், ஒடம்பு சரியில்லைங்கறாங்க. உனக்கு முன்னாடி வூடு பாக்க வந்தவங்களும் இதைக் கேட்டுட்டு, போன் பண்றோம் ஆன்ட்டினு போனவங்கதான்.

நீதான் முழுசா உக்காந்து கேட்டிருக்க. வூடு புடிக்கலைன்னாலும் பரவாயில்ல, அதை அப்பால பேசிக்கலாம். வெள்ளிக்கெழம வேலைக்குப் போற வழியில ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எட்டி வந்து ஒரே ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போயேம்மா.

கடைசி நேரத்துல பிரசாத்து வந்துட்டான்னாவா? வந்தா என் வயித்துல பாலை வார்த்த மாதிரிதான். நாலாவதா அவனும் போடட்டும், காகிதத்துல எடமா இல்ல? நீ ஆதார் கார்டை மட்டும் மறக்காம எடுத்துகினு வா.